கை நனைக்காத பேராசிரியர்

நீல நிறத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். அதன் வார் எங்கள் பேராசிரியரின் மார்பில் குறுக்காகக் கிடக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதுபோல அதை மாட்டிக்கொண்டு அவர் கச்சிராயபாளையத்தில் பஸ் மாறி வெள்ளிமலைக்கு ஏறும் கோலத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. மலையில் என்ன, தண்ணீருக்கா பஞ்சம்? ஊற்றுத் தண்ணீர் கல்கண்டாய் இனிக்கும். ஆனால் ஆய்வுக்குப் போகிற வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அவர் சட்டம்.

எங்களுக்குச் சமூகவியல் ஆய்வு முறைகள் நடத்தியவர் அவர்தான். "சமூகத்தை ஆராயறதும் விஞ்ஞானம்தான்யா. ஆராயறவன் விலகி நிக்கணும். தெர்மாமீட்டர் காய்ச்சல்காரனோட பந்தியில உக்காருமா?" என்பார். அது அக்குளுக்குள் போகிறதே ஐயா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுக்கும். படிப்பு முடிந்ததும் அவரிடமே உதவியாளனாகச் சேர்ந்தேன். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் எங்கள் அத்தாவுக்குத் துணிக்கடை. "உங்க வூட்டுல எத்தினி மாடுன்னு கேக்கறதுக்கு சம்பளம் குடுக்கறானுங்களாம். நான் சும்மாவே கேட்டுக்கினு இருக்கேன்" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி, பெற்ற அத்தாவே என் மானத்தை வாங்குவார்.

ஆனால் அந்த ஆய்வு விளையாட்டல்ல. மலைக் கிராமத்துப் பெண் பிள்ளைகள் பாதியில் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று எங்கள் அறிக்கை சொன்னால், அவர்கள் தங்கிப் படிக்க வெள்ளிமலையில் ஒரு விடுதி வரும். நன்றாகத்தான் படிக்கிறார்கள் என்று சொன்னால் அது வேறு ஊருக்குப் போய்விடும். வர வேண்டும் என்று பேராசிரியருக்கு உள்ளூர ஆசைதான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆசைப்பட்டால் அளவு கெட்டுவிடும் என்பார்.

முதலில் போனது ஊர்க்கவுண்டர் வீட்டுக்கு. பாய் விரித்து, சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்கள். பேராசிரியர் எழுந்து நின்று கைகூப்பினார். "மன்னிக்கணும். உங்க வீட்டுல நாங்க எதுவும் சாப்பிடக் கூடாது." கவுண்டரும் கூட இருந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மொற தெரிஞ்ச மனுசன்" என்றார் கவுண்டர். பேராசிரியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அறிவியல் முறையை மலையில் ஒருவர் உடனே புரிந்துகொண்டாரே என்று என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு நான் கேள்விகளை ஆரம்பித்தேன். நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, வீட்டில் பெண்கள் எத்தனை பேர், என்ன படித்திருக்கிறார்கள், யாருக்கெல்லாம் கல்யாணம் ஆகவில்லை.

பதில்கள் தேனாக வந்தன. எந்த வீட்டில் கேட்டாலும் பெண்கள் பத்தாவது முடித்திருந்தார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஒரு ஜோடி வெள்ளை மாடு கட்டியிருந்தது. இரண்டு வீடு தள்ளிப் போனதும் எனக்குச் சந்தேகம் வந்தது. அதே கொம்பு, அதே நெற்றிச் சுழி. நாங்கள் இந்த வீட்டுத் திண்ணையில் எழுதிக்கொண்டிருக்கையில் மாடுகள் கொல்லைப்புறமாக அடுத்த வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. பேராசிரியரிடம் சொன்னேன். "சொன்னதை எழுதுய்யா. மாட்டுக்கு விளக்கம் சொல்றது நம்ம வேலை இல்லை" என்று வாயை அடைத்துவிட்டார். துணிக்கடையில் வளர்ந்தவனுக்கு ஒரே புடவையை மூன்று பேர் தன்னுடையது என்றால் கோபம் வராதா? பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

சில விவரங்களைச் சரிபார்க்க மறுபடியும் கவுண்டர் வீட்டுக்குப் போனபோது அவருடைய தங்கை எதிரே வந்து நின்றார். முப்பது தாண்டியவர். அண்ணன் நிலத்து வேலை முழுவதும் அவர் சொல்படிதான் நடக்கும். வாய்க்கு ஊரே பயப்படும்.

"இன்னா சார், வந்து வந்து பாத்துக்கினு போறீங்க. பொண்ணு புடிச்சிருக்கா இல்லியா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

"எந்தப் பொண்ணும்மா?" என்றார் பேராசிரியர்.

"நாந்தான்."

பேராசிரியர் அப்போது நாற்பத்தைந்தைத் தாண்டிய பிரம்மச்சாரி. முகம் வெளிறிவிட்டது. கவுண்டரோ சமாதானமாக, "வயசு இன்னாங்க வயசு? தல நரைச்சா சம்பளம் நரைச்சிடுமா?" என்றார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, தரகரு நீயாவது வாயத் தொறந்து சொல்றதுதான?" என்று ஒரு போடு போட்டார். என்னைப் பார்த்தால் கல்யாணத் தரகன் மாதிரியா இருக்கிறது! அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் கேட்டுப் போகிறவர்கள், பேச்சு முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அது மலைக்குக் கீழேயும் உள்ள வழக்கம்தான். பேராசிரியருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஆராய்ச்சிக்கு வந்தவன் தன்னை மாப்பிள்ளையாக எங்கே நினைத்துப் பார்த்தான்? சோறு வேண்டாம் என்கிறார், நிலம் கேட்கிறார், மாடு கேட்கிறார், கல்யாணமாகாத பெண்ணைக் கேட்கிறார். ஊர் வேறென்ன நினைக்கும்?

பேராசிரியர் திக்கித் திணறி விடுதி விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அட கூறு கெட்டவங்களே! எங்கண்ணன் மவ ஆறாவதோட நின்னு ஆடு மேச்சிக்கினு கெடக்கா. அவளப் பத்தாவதுன்னு எழுதிக் குடுத்தா வுடுதி எங்கருந்து வரும்?"

நாங்கள் எழுதியது அத்தனையும் பொய். பேராசிரியர் தண்ணீர் பாட்டிலைக் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு வாழ்க்கையில் முதன்முறையாக, "சரிம்மா, சோறு போடுங்க. சாப்பிட்டுட்டே பேசுவோம்" என்றார். கவுண்டர் முகமெல்லாம் பல்லாக இலை அறுக்க ஓடினார். நான் பதறிப்போய்ப் பேராசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஐயையோ சார்! இப்ப கை நனைச்சா சம்மதம்னு அர்த்தம்!"

பாயில் உட்காரப் போனவர் பாதியில் நிமிர்ந்தார். விலகி நின்றால் பெண் கேட்க வந்தவர், உட்கார்ந்து சாப்பிட்டால் மாப்பிள்ளை. நடுவில் ஆராய்ச்சிக்காரன் நிற்க அந்த ஊரில் ஓர் அடி இடம் இல்லை. நாங்கள் படித்த எந்தப் பாடத்திலும் இதற்கு வழி சொல்லியிருக்கவில்லை.

வழி சொன்னது அந்த அம்மாதான். "எனக்கும் இந்த நரைச்ச மாப்புள வேணாம். ஒரு வூட்டுல துன்னாதான சம்பந்தி? ஊருல எல்லா வூட்டுலயும் துன்னுட்டுப் போங்க. அப்ப நீங்க பங்காளி. பங்காளிக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

சாப்பிட்டார் ஐயா, சாப்பிட்டார். களி, சாமைச் சோறு, கீரை, மறுபடியும் களி. ஒரு வீட்டையும் விடவில்லை. இறங்குகிற ஜீப்பில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். ஆனால் பங்காளியிடம் பெருமை பேசி யாருக்கு என்ன லாபம்? எந்தப் பெண் எப்போது நின்றாள், ஏன் நின்றாள் என்று இலைக்கு முன்னால் எல்லாம் வந்தது. மாடு யாருடையது என்பது உட்பட. அறிக்கையைப் பரிசீலித்தவர்கள் முதல் பதிலும் இரண்டாம் பதிலும் ஏன் இப்படி முட்டிக்கொள்கின்றன என்று கேட்டபோது பேராசிரியர் சொன்னதை என் மாணவர்களுக்கு இன்றும் சொல்கிறேன்: "நான் வெளியே நிக்கறதா நெனச்சேன். நான் நின்ன எடத்துக்கு அந்த ஊர்ல ஏற்கெனவே ஒரு பேர் இருந்துது."

விடுதி வந்தது. கவுண்டர் மகள் ஆட்டை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதில் போய்ச் சேர்ந்தாள். அந்த அம்மாவுக்கும் அரூர்ப் பக்கம் மனசுக்குப் பிடித்த இடம் அமைந்தது. கல்யாணத்தில் பேராசிரியர் பந்தி பரிமாறினார்.

இப்போது அதே பாடத்தை நான் நடத்துகிறேன். பேராசிரியர் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிறது. அண்மையில் 'ஆய்வாளர் விலகி நிற்றல்' என்ற தலைப்பில் என் மாணவர்களிடம் பேச அவரை அழைத்திருந்தேன். வாசலில் வந்து நின்றவரைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தலை மழுமழுவென்று மொட்டை. எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்ன சார், திருப்பதியா?" என்றேன்.

"இல்லய்யா, கவுண்டர் போயிட்டார். பங்காளிங்க எல்லாரும் முடி எடுத்தோம்."

சாக்பீஸை எடுத்துப் பலகையில் தலைப்பை எழுதினார். 'விலகி' என்பதோடு கை நின்றுவிட்டது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.

"இன்னிக்கு நீயே நடத்திடுய்யா. என்னால முடியல."