புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷனில் நின்ற சைக்கிள்

அந்த சைக்கிள் ரயில் ஸ்டேஷன் சுவரோரமாக நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. பச்சை நிறம். பெண்கள் ஓட்டுகிற, நடுவில் கம்பி இல்லாத வகை. பின்சக்கரத்தில் பூட்டு போட்டிருந்தது. மழையில் நனையாமலிருக்க சீட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். தினமும் ரயிலேறி வேலைக்குப் போகிற யாரோ காலையில் நிறுத்திவிட்டுப் போனது போல அவ்வளவு ஒழுங்கு. அக்கா காணாமல் போய் அது மூன்றாவது நாள். சந்தைக்குப் போன தோட்டத்து ஆள் ஒருவர் மட்கார்டில் எழுதியிருந்த அப்பாவின் பெயரைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல, அப்பாவும் மாமாவும் நானும் தோட்டத்து லோரியில் போய் இறங்கியிருந்தோம். மாமா சைக்கிளை ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு ஸ்டாண்டைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இது கெட்டி ஸ்டாண்டு. இத இழுத்துப் போட அவளுக்கு வருமா?" என்று என்னிடம் கேட்டார்.

வராது என்றேன். எனக்கும் வராது. நாங்கள் இரண்டு பேருமே அதைச் சுவரில் சாய்த்துத்தான் வைப்போம்.

"அப்ப ஒருத்தன் கூட வந்திருக்கான்," என்றார் மாமா. அப்பா தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரே ஒரு சொல்லில் அக்காவைக் காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்று அன்று முழுவதும் பயந்துகொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டம் தாசேக் கெலுகோர் டவுனிலிருந்து ஏழு மைல் உள்ளே இருந்தது. பஸ் வராது. செம்மண் சாலையில் லோரி வரும், சைக்கிள் வரும், அவ்வளவுதான். விடிவதற்கு முன் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆண்களும் பெண்களும் சைக்கிளில்தான் வந்து சேருவார்கள். பால் வாளியைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரங்களுக்குள் அவர்கள் பிரிந்து போவதை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்று பார்ப்பேன். கோயிலுக்கு, கடைக்கு, பிரசவத்துக்கு, சாவுக்கு என்று எதற்கும் சைக்கிள்தான். ஆனால் பெண் பிள்ளை ஒருத்தி சைக்கிளேறி டவுனில் உள்ள இடைநிலைப் பள்ளிக்குப் போனது என் அக்காவிலிருந்துதான் தொடங்கியது. அப்பா அவளுக்காக அந்தப் பச்சை சைக்கிளை வாங்கி வந்தபோது அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அக்காவைப் பார்த்துப் பார்த்து, பின்னால் வந்த வருடங்களில் இன்னும் நான்கு வீடுகள் தங்கள் பெண்களை அனுப்பின. மழைக்காலத்தில் ஐந்து பேரும் முழங்கால் வரை சேற்றோடு, சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்கள்.

அக்கா பதினேழு வயதில் இடைநிலைப் பள்ளியின் ஐந்தாம் படிவத்தை முடித்ததும் சைக்கிள் எனக்கு வந்தது. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு நான் அதே பள்ளியில், மலாய்ப் படிப்புக்குத் தயார் செய்கிற புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்தேன். மூன்று மாதம் ஓட்டினேன். அந்த மூன்று மாதத்தில்தான் எனக்கு மலாய் வாயில் வரத் தொடங்கியது. கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தேன். போகும்போது இறக்கமாக இருக்கிற பாலத்தருகே பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, காற்று காதில் இரைய இறங்குவேன். அதைப் போல ஒரு சந்தோஷம் பிற்பாடு எனக்கு வாய்த்ததா என்று யோசித்தால், பிள்ளைகள் பிறந்ததைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

இதற்கிடையில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை மாமாவேதான். அம்மாவின் தம்பி, மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அதோடு தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. யாருக்கு எந்தத் திட்டில் மரம், யாருக்கு லயத்தில் எந்த வீடு என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வருவது. அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். அப்பா சரி என்று தலையாட்டினார். சித்திரையில் தேதி வைத்தார்கள்.

பரீட்சை முடிவு வந்த அன்று காலை அக்கா என்னிடம் வந்து, "இன்னைக்கு ஒரு நாளு சைக்கிள குடு. ரிசல்ட்ட எடுத்துட்டு வந்துடுறேன்," என்று கேட்டாள். நான் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். அதே நாள் அப்பாவும் வேலைக்குப் போகவில்லை. பல்வலி தாங்கவில்லை, புக்கிட் மெர்தாஜாமுக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருகிறேன் என்று இருட்டோடு தன் சைக்கிளில் கிளம்பியிருந்தார். மத்தியானம் ஆயிற்று. அக்கா வரவில்லை. சாயங்காலம் அப்பாதான் வந்தார். கன்னம் வீங்கி, வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு, சட்டையில் ரத்தத் துளியோடு. அவரால் பேச முடியவில்லை. வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்ததும் சைக்கிளைப் பிடித்தபடியே அழுதார். பல்வலியில் அழுகிறார் என்று நினைத்தேன். அக்கா இன்னும் வரவில்லை என்று அம்மா அலறியதற்குப் பிறகுதான் லயமே கூடியது.

ஸ்டேஷனிலிருந்து சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கிய அன்று அப்பா செய்ததை எங்கள் தோட்டத்தில் இருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். எல்லோரும் பார்க்கச் செயினைக் கழற்றி, ரப்பர் ஆலையின் கழிவு நீர் ஓடும் கால்வாயில் வீசினார். "என் வீட்டுல இனிமே எந்தப் பொட்டப் புள்ளையும் சைக்கிள தொடக் கூடாது," என்றார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. மாமா பக்கத்தில் நின்று தலையாட்டினார். அடுத்த வாரத்துக்குள் மற்ற நான்கு பெண்களையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கும் அதோடு முடிந்தது. ஏழு மைலை நடந்தா போக முடியும்? பதினாலு வயதில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போனேன். பதினெட்டில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். கல்யாணமாகி ஜார்ஜ்டவுனுக்கு வந்தும் தொழிற்சாலைதான். நான் இப்போது எழுதுகிற தமிழ் அந்த ஆறு வருடப் பள்ளிக்கூடத் தமிழும், அதற்குப் பின் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துச் சேர்த்ததும்தான்.

இரண்டு வருடம் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. வெள்ளை உடுப்பில் ஒரு படமும் இருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸாகிற மிஸ்ஸி வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அதுவும் கடலுக்கு அந்தப் பக்கத்தில், ஜார்ஜ்டவுனில். ரயிலேறி சிங்கப்பூர் போய்விட்டாள் என்று மாமா ஆள் அனுப்பித் தேடிக்கொண்டிருந்த காலமெல்லாம் அவள் எங்களிடமிருந்து ஒரு ஃபெரி தூரத்தில்தான் இருந்திருக்கிறாள். மாமா அதற்குள் வேறு இடத்தில் கட்டிக்கொண்டுவிட்டார். அம்மா மெல்ல மனம் இறங்கினாள். அக்கா தனியாகத் துணிந்து போனவள் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு கதை நிலைத்துவிட்டது. எனக்கு அவள் மேல் பெருமையும் உண்டு, கோபமும் உண்டு. இரண்டையும் நான் அவளிடம் சொன்னதில்லை.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். அம்மா இறந்து பத்து வருடமாகிறது. மாமா போன வருடம் போனார். அப்பாவுக்கு எண்பத்து நான்கு வயது. தாசேக் கெலுகோரில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். சனிக்கிழமைதோறும் நான் போய் ஒரு வாரத்துக்குச் சமைத்து வைத்துவிட்டு வருவேன். அக்கா ஓய்வு பெற்ற பிறகு மறுபடியும் சைக்கிள் ஓட்டத் தொடங்கிவிட்டாள். தலைக்கவசம், கையுறை, இரண்டாக மடிகிற சைக்கிள். அவளைப் போலவே ஓய்வு பெற்ற சிலரோடு ஃபெரியில் எங்கள் தோட்டம் இருந்த கரைக்கு வந்து, வயல்காட்டுப் பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டத்துப் பக்கமும் சுற்றிவிட்டு, இளநீர் குடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். எங்கள் லயம் இருந்த இடம் இப்போது செம்பனை. அந்தச் சாலை தார் போட்டு நான்கு மடங்கு அகலமாகிவிட்டது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் வேனிலும் பெற்றோர் ஓட்டுகிற கெரேத்தாவிலும் போகிறார்கள். சைக்கிளில் போகிறவர்கள் எல்லாம் அக்காவைப் போல ஞாயிற்றுக்கிழமை வருகிற டவுன்காரர்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, அப்பாவைப் பார்க்க இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினோம். அக்கா சைக்கிளை ஃபெரிக்குள் உருட்டி வந்து கம்பியோரம் நிறுத்தினாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். படகு கரையை விட்டு விலகியது. பின்னால் தள்ளிப் போகிற துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே, வெயிலைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னாள்.

"அப்பா அந்த இடத்துலதான் என்ன டீச்சர் கையில ஒப்படைச்சாரு. திரும்பிக்கூடப் பாக்கல. அடுத்த ஃபெரியில ஏறிட்டாரு."

"எந்த அப்பா?" என்று கேட்டேன். நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அப்படித்தான் கேட்டேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியாதா? மாமாதான் போயிட்டாரே, அப்பா ஒங்கிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன் லா. அம்மாவும் மாமாவும் இருக்கற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் மூலமாக அப்பா முன்பே இடம் பார்த்து வைத்திருந்தார். அன்று காலை டவுனில் அவளுக்காகக் காத்திருந்து, இரண்டு சைக்கிளிலும் புக்கிட் மெர்தாஜாம் வரை வந்திருக்கிறார்கள். ரயிலில் போனதாக எல்லோரும் நினைக்க வேண்டும் என்று அவள் சைக்கிளை ஸ்டேஷனில் நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, பூட்டி, சீட்டுக்குப் பை கட்டியதும் அவர்தான். அங்கிருந்து பஸ். பிறகு ஃபெரி. வீட்டில் சொன்ன பொய் வெளிப்பட்டுவிடக் கூடாது என்று, திரும்பும் வழியில் ஒரு பல் பிடுங்குகிற கடையில் உட்கார்ந்து பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். வலியில்லாத, நல்ல பல்.

என் கை கம்பியைப் பிடித்திருந்தது.   செயினை வீசிய அந்தக் கையும், "பொட்டப் புள்ள" என்று உயர்ந்த அந்தக் குரலும்தான் கண்முன் நின்றன.

"அப்ப என்ன ஏன் நிறுத்துனாரு?" என்றேன்.

"நீயா நின்னதுதானே?" என்றாள் அக்கா. "படிப்பு ஏறல, இனிமே போக மாட்டேன்னு நீ அடம் புடிக்கிறேன்னு அப்பா எனக்கு லெட்டர் போட்டாரே. நான் ஹாஸ்டல்ல இருந்து டீச்சர் வழியா அவருக்கு எத்தன தடவ எழுதினேன் தெரியுமா, அவள அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்னு."

நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன் என்று சொன்னேன்.  அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபெரி கரையைத் தட்டியது. மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் இறங்கிப் போன பிறகும் நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். கடைசியில் ஃபெரி ஊழியர் ஒருவர் வந்து இறங்கச் சொன்னார்.

அப்பா வீட்டுக்கு அன்று நான் மட்டும்தான் போனேன். அக்காவால் வர முடியவில்லை, அடுத்த ஃபெரியிலேயே திரும்பிவிட்டாள். அவர் முன்கூடத்தில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றியதும் நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். அவர் மறுக்கவில்லை. அதிரவுமில்லை. யாரோ வரப் போகிறார்கள் என்று தெரிந்து உட்கார்ந்திருந்தவர் போல இருந்தார்.

"ஓம் மாமன் எம்மேலதான் கண்ணா இருந்தான்," என்றார். "ஒன்ன மறுபடி சைக்கிள்ல அனுப்பியிருந்தா, மூத்தவள ஓட விட்டவன் நாந்தான்னு அன்னைக்கே புடிச்சிருப்பான். வீடு போயிருக்கும், வேல போயிருக்கும். அவளையும் இழுத்துட்டு வந்திருப்பான். ஒருத்தியத்தான் என்னால வெளிய எடுக்க முடிஞ்சுது."

"அதுக்கு நான் வீட்டுல இருக்கணும்."

"ஆமா."

"மாமா அடுத்த வருசமே வேற கல்யாணம் கட்டிக்கிட்டாரு. அதுக்கப்புறம் அனுப்பியிருக்கலாமேப்பா. அக்காவும் கேட்டு எழுதிச்சு. ஏன் நான் வேணாம்னு சொன்னதா எழுதுனீங்க?"

 வெளியே ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போனார். அந்தச் சத்தம் தெருமுனை தாண்டும் வரை அப்பா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தகப்பன் தன் பிள்ளையிடம் சொல்லக்கூடிய எத்தனையோ சமாதானங்கள் எனக்குத் தோன்றின. அவற்றில் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட மாட்டாரா என்று நானே அவருக்காக ஏங்கினேன்.

"அப்புறம் பழகிப் போச்சு," என்றார். "நீ மரம் வெட்ட வந்த. ஒங்கம்மாவுக்கு ஒத்தாசையா இருந்துச்சு. எனக்கும்தான்."

நான் எழுந்து சமையலறைக்குள் போனேன். அரிசி களைந்தேன். என்ன கறி வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. அவரைப் பார்த்துக் கத்தவில்லை. அழவும் இல்லை. ஐம்பத்து நான்கு வயதில், அடுப்படியில் நின்றுகொண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் புத்தகப்பையில் என்னென்ன புத்தகங்கள் இருந்தன என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றின் அட்டையும் தெளிவாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமை நான் போகவில்லை. அக்கா தினமும் அழைத்தாள். அவள் பேசியதில் பாதி மன்னிப்பு, பாதி அழுகை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னபோது, அது நிஜம்தான் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நாற்பது வருடமாக அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த கோபம் ஒரே நாளில் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது. அங்கேயும் அது வசதியாக உட்கார முடியாமல் தவிக்கிறது. ஒரு மகளைக் காப்பாற்ற நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவரும், இன்னொரு மகளைப் பழகிப் போய்விட்டது என்று விட்டவரும் ஒரே ஆள்தான். இரண்டு பேராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாவது சனிக்கிழமை போனேன். இப்போதும் போகிறேன். சமைக்கிறேன், துணி துவைத்துப் போடுகிறேன், மாத்திரைகளை எடுத்து வைக்கிறேன். அந்தப் பேச்சை நாங்கள் திரும்ப எடுத்ததில்லை. ஒன்றே ஒன்று புதிதாக வந்திருக்கிறது. இத்தனை வருடமாக நான் கிளம்பும்போது அப்பா தலையை மட்டும் ஆட்டுவார். இப்போது கேட் வரை நடந்து வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வாரம் வருவியா?" என்று கேட்கிறார். வருவேன் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். சொல்வதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறேன். அந்த நேரம் முழுவதும் அவர் காத்திருக்கிறார்.