மெதுவாகச் சுற்றக் கூடாத படம்

இது நடந்தது. பேய் என்றாலே கொட்டாவி விடுகிற ஆள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவள். படித்தது பழைய படச்சுருள்களைப் பழுதுபார்க்கும் படிப்பு. அன்று அந்த அறையில் பதினொரு பேர் இருந்தோம். மற்ற பத்துப் பேரும் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சாதிப்பார்கள். சாதிக்கட்டும்.

எங்கள் ஊர் மினாஸ் மாநிலத்தில், பொம்பா ஆற்றங்கரையில். 1927இல் கொள்ளுத்தாத்தா ஒசோரியோ, தம்பியைக் கேமராவுக்குப் பின்னால் நிறுத்தி, சொந்தச் சமையலறையில் ஒரு சிரிப்புப் படம் எடுத்தார். பேசாத படம். சூப்பில் உப்பு அதிகம். புருஷன் நீளக் கம்பு வைத்த துடைப்பத்தோடு பெண்டாட்டியை மேசையைச் சுற்றி விரட்டுகிறான். அவள் மாவு மூட்டைமேல் விழுகிறாள். அவ்வளவுதான். புருஷனாக நடித்தவர் ஒசோரியோ. பெண்டாட்டியாக நடித்தவள் அவருடைய நிஜப் பெண்டாட்டி இடாலினா. படம் எடுத்த கையோடு, இரண்டு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு சர்க்கஸ்காரன் ஒருவனோடு அவள் ஓடிவிட்டாள் என்பது வீட்டுக் கதை. மனம் உடைந்த ஒசோரியோ தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார் என்பது அதன் மிச்சம்.

நான் படிக்கக் கிளம்பியபோது மாமா பெல்மீரோ சொன்னார்: "உடம்புல ஓடுறது இடாலினா ரத்தம். ஓடத்தான் செய்வா."

நகராட்சி கட்டிய புது அரங்குக்கு ஒசோரியோவின் பெயரை வைக்க, மாமா இந்த ஆண்டு அலையாய் அலைந்தார். படித்த ஆள் கையெழுத்திட்ட குறிப்பு ஒன்று வேண்டுமாம். குறிப்பை அவரே எழுதி வைத்திருந்தார். அதில் 'ஓடிப்போன மனைவி' என்று ஒரு வரி.

"இந்த வரிய எடுங்க, மாமா."

"ஏன், பொய்யா எழுதியிருக்கேன்?"

"படத்தை ஒழுங்கா ஒரு தடவ பாக்குறேன். அப்புறம்தான் கையெழுத்து."

ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. 2.40க்கு ஜன்னல்களை அடைத்துச் சுவரில் போர்வை கட்டினோம். கையால் சுற்றுகிற சின்னக் கருவி அது. வருஷா வருஷம் மாமாதான் சுற்றுவார், கிறுகிறுவென்று. சுவரில் இருவரும் கோழி மாதிரித் துள்ளுவார்கள். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். எல்லாரையும்விட சத்தமாகச் சிரிப்பது சுல்மீரா அத்தை, மாமாவின் மனைவி. சின்ன வயதில் நானும் சிரித்திருக்கிறேன்.

அன்றும் சிரித்தார்கள். ஐம்பது விநாடியில் படம் முடிந்தது.

"இப்ப நான் சுத்துறேன்."

"பொம்பள சுத்துனா பல்பு அவிஞ்சிடும்டி," என்றார் மாமா. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சுத்து. ஆனா வேகமா. மெதுவாப் போகக் கூடாது."

"எதுக்கு?"

"ஒசோரியோவோட தம்பி எங்கப்பாவுக்குச் சொன்னது. எங்கப்பா எனக்குச் சொன்னாரு. காரணமெல்லாம் தெரியாது."

விநாடிக்கு இரண்டு சுற்று. அந்தக் காலத்துப் படத்துக்குச் சரியான வேகம் அதுதான். நான் அப்படித்தான் சுற்றினேன்.

3.02.

அவர்கள் துள்ளவில்லை. நடந்தார்கள்.

துடைப்பத்தின் நார் அவள்மேல் படவே இல்லை. பட்டது கம்பு. ஒவ்வொரு அடிக்கும் அவள் தோள் இறங்கியது. ஒசோரியோ இடையில் நின்று மூச்சு வாங்கினார். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். மறுபடி ஓங்கினார்.

அவள் நடிக்கவில்லை.

"வேகமா சுத்துடி!" என்றார் மாமா.

அறையில் யாரும் சிரிக்கவில்லை.

அவள் மாவில் விழுந்தாள். அசையவில்லை. படம் முடிகிற இடம் அது. அடுத்து வெறும் வெளிச்சம்தான் வர வேண்டும்.

வரவில்லை.

குனிந்து பார்த்தேன். சுருள் தீர்ந்திருந்தது. வால் நுனி சுழன்று அடித்துக்கொண்டிருந்தது. டப்... டப்... டப்...

சுவரில் சமையலறை அப்படியே இருந்தது.

இடாலினா எழுந்தாள்.

கைப்பிடியை விட்டுவிட்டேன். சத்தியமாக விட்டுவிட்டேன்.

அது சுற்றியது. விநாடிக்கு இரண்டு சுற்று.

முகமெல்லாம் மாவு. கண் மட்டும் கறுப்பு. துடைப்பத்தை எடுத்தாள். எங்களை நோக்கி வந்தாள். சர்... சர்... வெறுங்கால் தரையில் உரசும் சத்தம். பேசாத படத்தில் சத்தம்.

பெண்களைப் பார்க்கவில்லை.

ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

மாமாவிடம் நின்றாள்.

ஓங்கினாள்...

அத்தை ஜன்னலைத் திறந்தாள். மணி 3.07. போர்வையில் வெயில். வேறு ஒன்றும் இல்லை.

மாமா நாற்காலியோடு சாய்ந்து கிடந்தார். இடது காதிலிருந்து தாடைவரை கம்பு பட்ட தடிப்பு. ரத்தம் கசிந்தது. யாரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அத்தை அவரைக் குனிந்து பார்த்தாள். தூக்கிவிடவில்லை.

"வலிக்குதா?" என்றாள். "பழகிடும்."

முப்பத்து நான்கு வருஷம் இந்த வீட்டில் இருந்தவள். நாங்கள் ஒருவரும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

நான் கையெழுத்துப் போடாமல் திரும்பினேன். போர்வை கட்டியிருந்த கம்பு கழன்று முகத்தில் விழுந்தது என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். குறிப்புக்கு வேறு கையெழுத்து கிடைத்துவிட்டது. அந்த வரியும் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை, 11.20க்கு, ஊர் இறப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். இடாலினா, வயது 22. இறந்தது 1927 ஆகஸ்ட் 14. 'சமையலறையில் தவறி விழுந்து.' தகவல் சொன்னவர், கணவர். அவள் எங்கும் ஓடவில்லை.

நான்கு பக்கம் தள்ளி ஒசோரியோ. அதே ஆண்டு, செப்டம்பர் 4. மாரடைப்பு இல்லை. மண்டையில் பதினொரு அடி. பக்கத்தில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள், பழுப்பு மையில்: 'அறை உள்ளே தாழிட்டிருந்தது. இறந்தவர் தனியாகப் படம் பார்த்திருக்கிறார். கதவை உடைத்தபோது படக்கருவியின் கைப்பிடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.' கீழே சாட்சிக் கையெழுத்து, தம்பி.

அன்று மாலை மாமா போனில் கூப்பிட்டார். சனிக்கிழமை திறப்பு விழா. முந்நூறு பேர். சாவோ பாவ்லோவிலிருந்து ஒரு நிபுணர் வந்து, அந்தக் காலத்தில் ஓடின அதே வேகத்தில் படத்தை ஓட்டப் போகிறாராம். முதல் வரிசை முழுக்க நம் வீட்டு ஆம்பளைங்க. அத்தை வரவில்லையாம், பெட்டியோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

"நீ வரலைன்னாலும் பரவால்ல," என்றார். "யார்கிட்டயும் எதுவும் சொல்லாம இரு. அது போதும்."

"சரி, மாமா."

இதை நீங்கள் படிக்கும்போது விழா முடிந்திருக்கும். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.