கயிற்றுக்கு வெளியே நின்றவன்

மதுரையில் ஓர் எலும்பு மருத்துவமனையில் எனக்குப் பிசியோதெரபி வேலை. எனக்கும் எங்கள் எக்ஸ்ரே அக்காவுக்கும் பொதுவாக ஒரே ஒரு பைத்தியம் உண்டு: ஜப்பான்காரர்களின் ரெஸ்லிங். மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம் வடிந்ததும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துப் பார்ப்போம். வர்ணனை முழுக்க ஜப்பானிய மொழி. ஒரு வார்த்தை விளங்காது. அடி விளங்கும்.

போன கோடையில் ஒரு ஜோடி ஆட்டம் பார்த்தோம். இரண்டு பேருக்கு எதிராக இரண்டு பேர். ஒருவன் உள்ளே சண்டை போடும்போது அவனுடைய கூட்டாளி மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே இருப்பவன் வந்து கையைத் தொட்டால்தான் வெளியே இருப்பவன் நுழையலாம். அதுதான் விதி.

ஒரு பக்கம் இரண்டு இளைஞர்கள், இன்னொரு பக்கம் நாற்பதைத் தாண்டிய இரண்டு முரடர்கள். அந்த முரடர்களில் ஒருவனிடம் இளைஞன் ஒருவன் மாட்டிக்கொண்டான். நெஞ்சில் அறை மேல் அறை. பத்து நிமிடத்தில் நெஞ்சு பீட்ரூட் நிறத்துக்கு வந்துவிட்டது. எப்படியோ ஊர்ந்து தன் மூலைக்கு வந்தான். கூட்டாளி கையை நீட்டினான். இவன் அந்தக் கையைப் பார்த்தான். தொடவில்லை. எழுந்து திரும்பிப் போய், முரடனின் நெற்றியில் தன் நெற்றியை மோதினான். உரிக்காத தேங்காயைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம். மூக்கு வழியாக ரத்தம் வடிந்தது. முரடன் அசராமல் அவனைத் தலைகீழாகத் தூக்கிக் கழுத்தின் மேல் விழும்படி போட்டான். ஆட்டம் முடிந்தது.

அக்காவின் கையில் சோறு அப்படியே நின்றது.

"இது ஆட்டமா தம்பி? கழுத்துல போட்டான் பாத்தீங்களா? தெனம் எம்புட்டுக் கழுத்த நான் படம் எடுக்கறேன்!"

"எல்லாம் பேசி வச்சுத்தான்க்கா பண்றாங்க."

"யாரு ஜெயிக்கிறதுன்னு பேசி வைக்கலாம். மண்டையும் மண்டையும் மோதுறத எப்படிப் பேசி வைப்பீங்க?"

எங்கள் சத்தம் கேட்டு, அறையின் மறுபக்கத்தில் தோள் பயிற்சிக்கான சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். எழுமலைப் பக்கம் விவசாயம் பார்ப்பவர், ஐம்பது வயதிருக்கும். மொபெட்டிலிருந்து விழுந்து இடதுபக்கக் காறையெலும்பு முறிந்து, கூடிய பிறகு பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார். "என்னப்பா, எனக்கும் காட்டுங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டிக் காட்டினோம். முடிந்ததும் சொன்னார்:

"அடி வாங்குனவனக்கூட விடுங்க. வெளிய கயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறானே, அவன்தான் பாவம். கண்ணு முன்னால கூட்டாளிய அடிச்சு நொறுக்குறாங்ய, இவன் உள்ள போகக் கூடாதாம்ல. நானா இருந்தா விதியாவது மண்ணாவதுன்னு பாஞ்சிருப்பேன்."

"அண்ணே, அவன் கை குடுத்தான். இவன்தான் திமிருல தொடல" என்றேன் நான். அக்கா இல்லவே இல்லை என்றார். அடி வாங்கி மயங்கிப்போனவனுக்குக் கை கண்ணில் படவில்லை, அந்த நிலையில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பேச்சு வளர்ந்தது. வளர்ந்த வேகத்தில் நான் ஒரு வார்த்தையை விட்டேன்.

"பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாதுக்கா."

அக்கா டிபன் பாக்ஸை மூடினார். எழுந்து போய்விட்டார். எனக்கு ஜப்பான் ரெஸ்லிங்கை அறிமுகப்படுத்தியதே அவர்தான் என்பது, அவர் கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த இரண்டு நாள் மதியம் தனியாகத்தான் சாப்பிட்டேன். நோயாளிகளின் படங்கள் என் மேசைக்கு வந்தன. கூடவே அக்காவிடமிருந்து வரும் "தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க" வரவில்லை.

மூன்றாம் நாள் எழுமலைக்காரர் தன் மச்சினனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மச்சினன் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக் காட்டினார். நெஞ்சில் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்து கன்றிப்போயிருந்தது.

"என்னண்ணே இது?"

"அந்த ஜப்பான் சண்டையக் காட்டுனாரு. இதெல்லாம் டூப்பு மச்சான்னு சொன்னேன்ணே. டூப்பான்னு பாத்துருவோம், சட்டையக் கழட்டு மாப்ளன்னாரு."

"நல்ல கையாலதான் தம்பி அடிச்சேன். இந்தப் பக்கத்த அசைக்கவே இல்ல" என்றார் எழுமலைக்காரர், பயிற்சி விதிகளை மீறாத பெருமையோடு.

மூச்சு இழுத்தால் வலிக்கிறது என்றதால் டாக்டர் படம் எடுக்கச் சொன்னார். ஆக, எக்ஸ்ரே அறைக்கு நானும் போகவேண்டி வந்தது. அக்கா முகத்தை இறுக்கிக்கொண்டுதான் படம் எடுத்தார். விலா எலும்புக்கு ஒன்றுமில்லை. "எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்டார். மச்சினன் கதையை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "அக்கா, அன்னைக்குப் பேசுனது தப்பு. மன்னிச்சிருங்க."

"அது இருக்கட்டும். நீங்க எத்தன தடவ பாத்தீங்க அந்த ஆட்டத்த?"

"நாலு."

"நாலு தடவ பாத்து என்னத்தக் கண்டீங்க? போன எடுங்க."

ரிசல்ட்டுக்கு வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். இளைஞன் ஊர்ந்து மூலைக்கு வரும் இடத்தில் அக்கா படத்தை நிறுத்தினார். "கூட்டாளி எந்தக் கைய நீட்டுறான்?"

"இடது கை."

"வலது கை எங்க இருக்கு?"

அப்போதுதான் பார்த்தேன். வலது கை பக்கவாட்டில் துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. தோள் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. நாள் முழுக்கத் தோள்பட்டைகளோடு புழங்குகிற நான் நாலு தடவையும் ரத்தத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

"முன்னாடியே அந்தக் கூட்டாளி தோள முறுக்கி விட்டுட்டாங்ய. கை தெரியாம மயங்கிட்டான்னு நானுந்தான் தப்பாச் சொன்னேன். தொங்குற கைய இந்த அடி வாங்குன பய பாத்துட்டான். கூட்டாளிய உள்ள விட்டா அவன் தோளே போயிரும்னு தானே திரும்பிப் போயிட்டான்" என்றார் அக்கா.

எழுமலைக்காரர் தன் இடது தோளைத் தடவிக்கொண்டார். "ஆத்தாடி. அப்ப திமிரு இல்லப்பா அது."

மச்சினன் தொண்டையைக் கனைத்தார். "அப்படிச் சொல்ல முடியாதுக்கா. அம்புட்டு அடி வாங்குனவனுக்குக் கோவம் இருக்காதா? கோவத்துல போயிருப்பான்."

எழுமலைக்காரர் அவரை முறைக்க, அக்கா மறுபடி முதலிலிருந்து ஓட்ட, உள்ளேயிருந்து டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டதுகூட எங்கள் காதில் விழவில்லை.

மச்சினன் இப்போதும் கோபம் என்றுதான் வாதாடுகிறார். எழுமலைக்காரருக்குப் பயிற்சி முடிந்து மாதங்கள் ஆகின்றன, மதுரைக்கு வந்தால் புது ஆட்டம் உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் போகிறார். அக்காவும் நானும் மதியத்தில் பார்க்கிறோம். மண்டை மோதல் வரும் என்று தெரிந்தால் அக்கா கையால் திரையை மூடிக்கொண்டு, "முடிஞ்சுருச்சா?" என்பார். ஒருமுறை ஒரு நொடி முன்னதாகவே "முடிஞ்சுருச்சுக்கா" என்று சொல்லிவிட்டேன்; அவர் கையை எடுக்கவும் மண்டை மோதவும் சரியாக இருந்தது. அன்று சாயங்காலம்வரை அவர் என்னோடு பேசவில்லை.