காம்ப் சேர் விட்டுப்போன சொல்

அதிகாலை சுபஹுத் தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னது: “கெம்பஸ் சேர் மௌத்தாகி விட்டார்கள்.” மரண அறிவித்தல் என்பதால் மோதினார் மரியாதைக்காகப் பேரைத் திருத்திவிட்டார். வரலாறு கற்பித்த றஸீன் சேரை ஊரே ‘காம்ப் சேர்’ என்றுதான் அழைத்தது. அறியாதவர்கள் அவரை இராணுவத்துக்கு வேண்டியவர் என்று நினைத்ததுண்டு. அவரோடு வேலை செய்த எங்களுக்குக் காரணம் தெரியும்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் யுத்த காலத்தில் இராணுவ முகாம். அவர்கள் போன பிறகு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கரும்பலகை மாட்டிக்கொண்டோம். பஸ் தரிப்பிடம் மட்டும் ‘காம்படி’ என்றே நின்றது. அதை மாற்ற வேண்டுமென்று கூட்டமொன்றில் பேச்சு வந்தபோது சேர் எழுந்தார். “பேருக்கும் வெள்ளையடிக்கப் போறீங்களா?” என்றார். தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போனோம்.

பாண்டிருப்பிலிருந்து பாக்கியம் அம்மா வருவார். மகனை இராணுவம் இந்த வளவுக்குள் கொண்டுபோனதைக் கண்டவர். அவன் வெளியே வந்ததைக் காணாதவர். “இது காம்ப் இல்லம்மா, கெம்பஸ்,” என்று காவலாளி விரட்டுவார். அம்மாவின் காதில் இரண்டும் ஒன்றாகவே விழும். சேர் வாசலுக்கே போய், “ஓம் அம்மா, காம்ப்தான். வாங்க,” என்று அழைத்து வந்து தன் கதிரையில் இருத்துவார். அம்மா சொல்லி முடிக்கும்வரை விரிவுரைக்குப் போகமாட்டார்.

ஆண்டு விழா மலருக்குப் பல்கலைக்கழக வரலாற்றை எழுதும் பொறுப்பு சேருக்கு வந்தது. முகாமையும் பாக்கியம் அம்மாவின் மகனையும் தொடக்கத்திலேயே எழுதினார். விழாவுக்குப் பிரதம விருந்தினர் ஓர் இராணுவ அதிகாரி. புதுமுக மாணவருக்குத் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தவர்களும் அவருடைய ஆட்கள்தான். மலர் அச்சாகி வந்தபோது அந்த இடத்தில் ‘அரசு வழங்கிய வெற்றுக் காணி’ என்றிருந்தது.

“வெற்றுக் காணியாம். அப்ப அந்த மனிசிட மகன எங்கயாம் கொண்டு போன?” என்று சேர் என்னிடம் கேட்டார். நான் மலரை மூடி வைத்தேன். அதன்பின் அவரை எந்தக் குழுவிலும் சேர்க்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலோடுதான் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுக்கும்போது பாக்கியம் அம்மா சேர் வீட்டு வேலிக்கு வெளியே வெயிலில் நின்றார். “இனி நான் ஆரோட போய்க் கதைக்கிற, தம்பி?” என்று என்னைக் கேட்டார்.

நேற்று மீண்டும் வேலைக்குப் போனேன். “காம்படியில நிப்பாட்டுங்க,” என்றேன். புதிய நடத்துநர் சிரித்தார். “கெம்பஸ் எண்டு சொல்லுங்க சேர்.”

“காம்ப்தான்,” என்றேன், பஸ் முழுக்கக் கேட்க. காம்ப் சேரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சொல்தான்.

இறங்கினால், வாசலில் பாக்கியம் அம்மா. காவலாளி வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: “ஓம் அம்மா, காம்ப்தான். வாங்க.”