பூக்கேட்டு வாங்கிய மூளை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். மனிதர்கள் மேல் மட்டுமல்ல, புத்தகங்கள் மேலும் வரும். அறுபதுகளில் கோவில்பட்டியில் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் பாடப்புத்தகம் மூளையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, தாங்கு செல்களுக்கு ஒரே ஒரு பத்தி கொடுத்திருந்தது. சேதி கொண்டுபோவது நரம்பு செல்; அதற்கு முட்டுக்கொடுத்து, மிச்ச இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பது கிளியா என்னும் தாங்கு செல்; பெயருக்கே பசை என்றுதான் அர்த்தம். அதோடு சரி. ஆனால் அடிக்குறிப்பில் வேறு கதை. ஒரு நரம்பு செல்லுக்கு எத்தனை தாங்கு செல் என்று பார்த்தால் எலியைவிடக் குரங்குக்கு அதிகமாம், குரங்கைவிட மனிதனுக்கு அதிகமாம். சும்மா அடைத்துக்கொண்டு கிடப்பது எதற்காகக் கூடிக்கொண்டே வரவேண்டும்? எங்கள் கரிசல் மண்ணும்தான் பசை. மழைநாளில் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. அதை வெறும் பசை என்று சொல்லுகிறவன் பருத்திக்காட்டைப் பார்க்காதவன்.

இதையெல்லாம் வகுப்பில் பொரிந்து தள்ளியபோது பி.யூ.சி. என்னும் புகுமுக வகுப்பு மாணவி ஒருத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். இடைசெவல் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஆடு வளர்க்கும் வீட்டுப் பெண். தினமும் பஸ்ஸில் வந்துபோவாள்.

"அப்போ அது என்ன செய்யுதுன்னு இன்னும் முழுசாத் தெரியாதா டீச்சர்?"

தெரியாது என்றேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தெரியாதது ஒன்று மிச்சமிருக்கிறது என்பதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவள் மேலே படிப்பதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. பட்டப்படிப்புக்காகப் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் கொண்டுபோய் விடமாட்டேன் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிற படிப்பு என்றால் பார்க்கலாம், இல்லாவிட்டால் வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் பேசியும் வைத்துவிட்டார். எங்கள் கல்லூரியிலேயே விலங்கியல் பட்டப்படிப்பு வந்துவிட்டால் அவள் தப்பித்துக்கொள்வாள். ஆனால் அதற்குப் பல்கலைக்கழகக் குழு மனசு வைக்கவேண்டும். எங்கள் அலமாரியில் தவளை மூளை இருந்தது, கோழி மூளை இருந்தது, கறிக்கடையில் வாங்கிய ஆட்டு மூளை இருந்தது. "குரங்கு மூளையைக் காட்டாமல் பரிணாமத்தை எப்படி நடத்துவீர்கள்?" என்று முந்தின தடவை வந்தவர்கள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்தக் குழு மறுபடி வரவிருந்த வாரத்தில் ஒருநாள் காலை, அவள் மூச்சிரைக்க ஆய்வுக்கூடத்துக்குள் ஓடிவந்தாள்.

"டீச்சர், எங்க ஊர்ல கரண்டுக் கம்பியில அடிபட்டு ஒரு கொரங்கு செத்துப்போச்சு. சீக்கிரம் வாங்க, மேளத்துக்கு ஆள் போயிருக்கு."

எங்கள் பக்கத்தில் குரங்கு செத்தால் தூக்கி எறிந்துவிட மாட்டார்கள். அனுமார் அல்லவா? குளிப்பாட்டி, மாலை போட்டு, மேளதாளத்தோடு ஊர்வலம் கொண்டுபோய் உட்காரவைத்துப் புதைப்பார்கள். பிறகு அதன்மேல் மேடை கட்டுவார்கள். ஃபார்மலின் ஜாடியையும் கத்திகளையும் சைக்கிள் கடையில் இரவல் வாங்கிய ரம்பத் தகட்டையும் பையில் திணித்துக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன்.

நாங்கள் போனபோது அது நாற்காலியில் மாலையும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருந்தது. பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. மூளை வேண்டும் என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

ஊரே கொதித்துப்போயிற்று. முன்னால் வந்து நின்றவர் அவள் அப்பா.

"சாமிய ஒக்கார வச்சிருக்கோம். அது மண்டைய அறுக்கணும்னு வந்து நிக்கியளே, நல்லாருக்கா டீச்சர்?"

"உங்க மக படிக்கணும்னுதான்யா கேக்கேன்!" என்று நானும் கத்தினேன். "இது இல்லன்னா எங்க காலேஜில அந்தப் படிப்பே வராது."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் யாரோ, "அம்மங்கிட்ட பூக்கேட்டுப் பாத்துருவோம்" என்றார்கள்.

எனக்குத் தலைக்கேறியது. பல கோடி வருஷத்துப் பரிணாமத்தை ஒரு அரளிப்பூ முடிவு செய்யவேண்டுமா? வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் மூளை குழைந்துவிடும். வேறு வழியில்லாமல் வாயை மூடிக்கொண்டேன். வெள்ளை அரளியை ஒரு பொட்டலமாகவும் செவ்வரளியை ஒரு பொட்டலமாகவும் கட்டி அம்மன் முன்னால் போட்டார்கள். வெள்ளை வந்தால் கொடுப்பது, சிவப்பு வந்தால் இல்லை. ஒரு சின்னக் குழந்தை தத்தித் தத்திப் போய் ஒன்றை எடுத்தது. சாமி கும்பிடாத நான் அப்போது யாரை வேண்டிக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வெள்ளை. என் மாணவி கேவிக் கேவி அழுதாள்.

அவள் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "வந்து பாக்கிறவிய பாத்து முடிச்சதும் திருப்பிக் கொண்டாந்துரணும். சாமிய மொண்டியா விட்டுறப்படாது." சரி என்றேன்.

ஒரு வேப்பமரத்தடியில் பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். மேளக்காரர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார்கள். மூளை முழுசாகக் கையில் வந்தபோது அவள் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, எட்டிப் பார்த்தார்.

"ஆட்டுக்கே இதவிடப் பெரிசால்லா இருக்கும்!"

"எடையில ஆடு ஒண்ணும் கொறைச்சலில்ல. ஆனா ஆட்டோட ஒடம்பு எம்புட்டுப் பெரிசு? இந்தச் சின்ன ஒடம்புக்கு இது அதிகம். மடிப்பும் வேற மாதிரி."

அவருக்கு ஆட்டைப் பற்றிச் சொன்னதில் திருப்தி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதுல அந்தப் பசை எங்கன இருக்கு? எம்மவ வீட்டுல எந்நேரமும் அதையேதான் பேசுதா" என்றார்.

எல்லா இடத்திலும் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது என்றேன். மண்டையை மூடித் தைத்துத் தலைப்பாகையைப் பழையபடி கட்டிவிட்டேன். மேளம் கிளம்பியது. நானும் ஜாடியை அணைத்துக்கொண்டு ஊர்வலத்தில் கடைசி ஆளாக நடந்தேன்.

குழு வந்தது, பார்த்தது, போயிற்று. பங்குனியில் அனுமதி வந்துவிட்டது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆனால் கொடுத்த வாக்கு இருக்கிறதே. அவளையும் கூட்டிக்கொண்டு ஜாடியோடு அந்த ஊருக்குப் போனேன்.

குரங்கைப் புதைத்த இடத்தில் மேடை எழும்பியிருந்தது. சுற்றிலும் சாந்து பூசி வெள்ளையடித்திருந்தார்கள். ஒரே ஒரு செங்கல்லை மட்டும் பூசாமல், உருவி எடுக்கத் தோதாக விட்டிருந்தார்கள். நான் கொண்டுவருவேன் என்று இந்த ஊர் நம்பியிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் அப்பா ஆட்டுப்பட்டியிலிருந்து வந்தார். ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுக்காமல் மகள் கையில் கொடுத்தார்.

"இதப் பொதைச்சிட்டா இவ எதப் பாத்துப் படிப்பா? செங்கல் அங்கனயே கெடக்கட்டும் டீச்சர். சாமிக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"வைகாசி?" என்று கேட்டேன்.

"அவியகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். உட்கார இடம் கிடைத்தது அவளுக்குத்தான். ஜாடியை மடியில் வைத்து, தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோவில்பட்டி வரைக்கும் வந்தாள்.