சபூரா தைலம்

சிங்கப்பூரில் ஒரு சர்வதேச வழக்கறிஞர் நிறுவனத்தில், வணிகப் பெயர்கள் பற்றிய தகராறுகளைக் கவனிப்பது என் வேலை. சொந்த ஊர் காரைக்கால். அங்கே என் பள்ளித் தோழி சபூரா, பக்கத்து ஊரான நெடுங்காட்டிலிருந்து நொச்சி இலை வரவழைத்து, தன் பெயரிலேயே வலித் தைலம் காய்ச்சி துபாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பின் படத்தை அனுப்பினாள். துபாயில் அவள் சரக்கை வாங்கி விற்பவரே ‘சபூரா தைலம்’ என்ற பெயரை அங்கே தன் உரிமையாகப் பதிவுசெய்ய விண்ணப்பித்திருந்தார். ஆட்சேபிக்க ஒரு மாதம்தான் அவகாசம். “பார்த்துச் சொல்றேன்” என்று பதில் போட்டேன். அதோடு மறந்தேபோனேன்.

சில மாதம் கழித்து விடுமுறையில் ஊருக்கு வந்து அவள் வீட்டுக்குப் போனபோது, துபாயிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பெட்டிகள் கூடம் முழுக்க அடுக்கப்பட்டிருந்தன. கெடு முடிந்து, பெயர் அந்த துபாய்க்காரருக்கே பதிவாகியிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“நீ பாக்குறேன்னு சொன்னியேன்னு வேற யாருகிட்டயும் போகலடி” என்றாள். குரலில் கோபமே இல்லை.

“கேஸ் போடலாம். வருஷக்கணக்கா இழுக்கும். ஜெயிப்போம்னும் சொல்ல முடியாது.”

“அப்ப என் பேரை நான் போடக்கூடாதா?”

“அங்க கூடாது, சபூரா.”

பக்கத்திலிருந்த பெட்டியை நேராகத் தள்ளிவைத்தாள். பிறகு, “சாப்புட்டுட்டுப் போ” என்று எழுந்தாள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அவள் இப்போது தைலம் காய்ச்சுவதில்லை.

சிங்கப்பூர் திரும்பிய வாரமே, ஒரு பெரிய கம்பெனிக்காக இதே மாதிரி ஆட்சேபணையை அவகாசம் முடிய மூன்று நாள் முன்னதாகவே தாக்கல் செய்தேன். அலுவலகத்தில் நான் ஒரு கெடுவையும் தவறவிட்டதில்லை. சபூரா கேட்டதை மட்டும் நான் வேலையாகவே நினைக்கவில்லை.