கணக்கில் வராத பலகை

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2004-ல் எங்கள் கம்பெனி என்னை வளைகுடாவில் ஒரு சிறைக்குத் தச்சு வேலை சொல்லித்தர அனுப்பியது. கையில் ஒரு தொழிலோடு வெளியே போகிறவன் திரும்பி உள்ளே வரமாட்டான் என்று தொடங்கிய வகுப்பு. முழுதாக முடித்தால் தண்டனையில் கொஞ்சம் குறைப்பார்கள். அந்த வகுப்பில் சேர்ந்த ஒரே தமிழ்க் கைதி, ராமநாதபுரம் பக்கத்து டிரைவர். அவன் ஓட்டிய வண்டியில் அடிபட்டு ஒருவர் இறந்திருந்தார். ஊரில் அவன் அப்பா படுத்த படுக்கை. அவர் கண் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும், அது ஒன்றுதான் அவனுக்கு.

எங்கள் கம்பெனி ஸ்டோரில் மரம் கேட்டால் ஃபோர்மேன் கத்துவார். கட்டட சைட்டில் வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் பழகிய அந்தப் பயம் சிறையிலும் என்னை விடவில்லை. அதனால் சமையலறைக்குச் சாமான் வரும் பெட்டிகளை உடைத்து, ஆணி பிடுங்கி, அந்தப் பலகையிலேயே ஸ்டூலும் பெஞ்சும் செய்தோம்.

"ஸ்டோர்க்காரன் நம்மள மறந்தே போயிருப்பான்ணே," என்று அவன் சிரிப்பான்.

எந்த வகுப்புக்கு என்ன செலவு, அதனால் என்ன பலன் என்று கணக்குப் பார்க்க ஒரு மலையாளி வந்தார். நல்ல மனிதர்.

"மரம் எவ்வளவு எடுத்து?"

"ரொம்பக் கம்மி சார்."

அதற்கு மேல் பேச எனக்குக் கூச்சம். செலவு குறைந்தால் நல்ல பெயர்தானே என்று நானும் டிரைவரும் இருந்துவிட்டோம்.

வகுப்பை மூடச் சொல்லித் தாள் வந்தது. ஸ்டோரில் மரமே எடுக்காத இடத்தில் என்ன வேலை நடந்திருக்கும், என் சம்பளமும் காவலர் சம்பளமும் வீண் என்று முடிவு செய்திருந்தார்கள்.

ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அந்த மலையாளியின் அறைக்குப் போனேன். அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். அடியில் ஜெபல் அலி துறைமுகம் வழியாக வந்த சாமான் பெட்டியின் அச்சு அப்படியே இருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது அன்னைக்கே பறஞ்சிருக்கலாமே சேட்டா."

"இனிமே ஏதாவது செய்ய முடியுமா சார்?"

"பேப்பர் மேலே போயி. இந்தப் பெட்டி மரத்தை வேணும்னா அடுத்த வருஷக் கணக்குல சேர்க்கலாம். ஒரு ஆள் திரும்பி ஜெயிலுக்கு வரலைன்னா அது எவ்வளவு லாபம்னு எழுத இந்தக் கணக்குத் தாள்ல இடமே இல்ல."

டிரைவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

"செலவு பண்ணலைன்னா மூடுறாங்க?"

"ஆமாப்பா."

"எங்கப்பாட்டச் சொன்னா நம்ப மாட்டாருண்ணே."

என்னை வேறு சைட்டுக்கு மாற்றினார்கள். அவன் தண்டனையை ஒரு நாள் குறையாமல் அனுபவித்துவிட்டுத்தான் ஊருக்குப் போனான். அவன் அப்பா அதற்கு முன்பே போய்விட்டார் என்று வகுப்புக்குக் காவல் நின்ற காவலர் ஒருநாள் கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னார்.

2009 மார்ச் 6, வெள்ளிக்கிழமை.